விரும்புவோரும் ஆக்குவோரும்

கதையொன்றைப் படித்து முடித்தவுடன், “இவ்விடத்திலே ஆசிரியர் இங்ஙனம் செய்திருக்கலாகாதா?” என்று எண்ணாத வாசகர் அரியர். இறந்துபட்ட தம்பியை உயிர்ப்பிக்க விரும்புவார் ஒருவர். பிரிந்த தலைவன் தலைவியரைச் சேர்த்துவைக்க விரும்புவார் இன்னொருவர். கொடியவனுக்குக் கிடைத்த தண்டனை போதாதென்று குறைபடுவார் மற்றொருவர். எனினும், அச்சேறிவிட்ட நூலிலே வாசகர் கைவைக்க இயலாது. ஓரத்திலே பென்சிலாற் குறிப்பெழுதலாம். அவ்வளவே அவருக்குள்ள உரிமை. இவ்வெல்லையைக் கடந்த கதையுலகம் ஒன்று நம் காலத்திலே தோன்றியுள்ளது. அங்கே வாசகர் வெறும் வாசகரல்லர். கதைக்குள்ளே நடமாடும் ஆட்டக்காரர். அவர் விரும்பினால் ஊரை மாற்றலாம், மாந்தரை மாற்றலாம், வானிலையையும் மாற்றலாம். கணினி விளையாட்டென்னும் அவ்வுலகத்திலே விருப்பம் எவ்வாறு ஆக்கமாகின்றது என்பதையும், அவ்வாக்கங்களை ஒட்டி எழுந்த சில வழக்குகளையும் இவ்வாரம் ஆராய்வோம். மாணாக்கர் பலர் இதனை நன்கறிவர். பெற்றோர் பொருட்டே சிறிது விரித்துரைக்கின்றோம்.

எடுத்துக்காட்டாக ஒரு விளையாட்டையே கொள்வோம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பெதஸ்டா என்னும் நிறுவனம் 1994 ஆம் ஆண்டு முதல் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்ற வரிசையிலே கற்பனைக் கதை விளையாட்டுகளை வெளியிட்டு வருகின்றது. அவ்வரிசையில் ஐந்தாவதாகிய ‘ஸ்கைரிம்’ 2011 நவம்பர் 11 ஆம் நாள் வெளிவந்தது. பனிமலைகள் சூழ்ந்த வடநாடு ஒன்றே அதன் களம். பேரரசின் படைக்கும் கிளர்ச்சிக்காரருக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டுள்ள வேளையில், அழிந்தொழிந்தன என்று கருதப்பட்ட நெருப்புமிழும் பறவைநாகங்கள் மீண்டும் வானிலே தோன்றுகின்றன. அவற்றை அடக்கும் ஆற்றல் பெற்ற வீரனாகவோ வீராங்கனையாகவோ ஆட்டக்காரர் அந்நாட்டிற் புகுகின்றார். ஆயினும், கதை காட்டும் வழியிலேயே செல்லவேண்டுமென்ற கட்டாயம் இல்லை. மலையேறலாம், மூலிகை பறித்து மருந்து கூட்டலாம், கொல்லன் உலையிலே வாள் வடிக்கலாம், வீடு வாங்கிக் குடியிருக்கலாம். இச்சுதந்திரமே அதன் பெருங்கவர்ச்சி.

உளியுங் கொடுத்த தச்சன்

சுதந்திரம் மிகுந்தவிடத்தே விருப்பமும் மிகுவது இயல்பு. அவ்விருப்பத்துக்கு வாயில் திறந்து விட்டவர்கள் விளையாட்டை ஆக்கியவர்களேயாவர். 2002 ஆம் ஆண்டிலே இவ்வரிசையின் மூன்றாம் விளையாட்டாகிய ‘மொரோவிண்ட்’ கணினிக்கு வந்தபோது, அதனை உருவாக்க உதவிய ‘கொன்ஸ்ட்ரக்ஷன் செற்’ என்னுங் கருவியையும் நிறுவனத்தார் உடன் வழங்கினர். ஸ்கைரிமுக்குரிய ‘கிறியேஷன் கிற்’ என்னுங் கருவி 2012 பெப்ரவரியில் இலவசமாகவே வெளிவந்தது. கதிரையை விற்ற தச்சன், “இஃது உமக்குப் பொருந்தாவிடின் நீரே செதுக்கிக்கொள்ளும்” என்று உளியையும் சீவுளியையும் சேர்த்துக் கொடுத்தாற்போன்ற செயல் இது. அக்கருவியைக் கொண்டு ஆட்டக்காரர் தாமே செய்யும் மாற்றத்தை ஆங்கிலத்திலே ‘மொட்’ என்பர். நாம் மாற்றாக்கம் என்று வழங்குவோம்.

மாற்றாக்கம் தொழிற்படும் முறை எளிதில் விளங்கத் தக்கது. மூல விளையாட்டின் ஊர், மாந்தர், வாள், மரம், உரையாடல் யாவும் ஒரு பெரும் பேரேட்டிலே பதிவுகளாக உள்ளன. மாற்றாக்குவோர் அப்பேரேட்டைத் திருத்துவதில்லை. தனியேடொன்றிலே, “இன்ன வாளின் எடை இனி இவ்வளவு, இன்ன ஊரிலே புதிதாக இன்ன வீடு” என்று எழுதிவைப்பர். விளையாட்டுத் தொடங்கும்போது கணினி முதலிலே பேரேட்டையும் பின்னர்த் தனியேடுகளை ஒன்றன்பின் ஒன்றாகவும் வாசிக்கும். ஒரே பொருளைப்பற்றி இரண்டு ஏடுகள் வெவ்வேறு கூறினால், பிந்தி வாசிக்கப்பட்டதே செல்லும். ஏட்டை எடுத்துவிட்டால் மூலம் மூலமாகவே நிற்கும்.

நம் பழைய நூல்களிலே இடைச்செருகல் என்றொரு வழக்குண்டு. ஏடு பெயர்த்தெழுதியோர் தம் பாட்டையும் பெரும்புலவர் பாட்டோடு கலந்துவிட, எது மூலம், எது கலப்பு என்று பிரித்தறியப் பதிப்பாசிரியர் பட்ட பாடு பெரிது. கம்பராமாயணப் பதிப்புகளிலே மிகைப்பாடல் என்று தனியே வகுத்துக் காட்டப்படுவன அப்பாட்டின் பயனே. மாற்றாக்கமும் ஒருவகை இடைச்செருகலே; ஆனால் வேறுபாடு பெரிது. செருகியோர் தம்மை மறைத்தனர். மாற்றாக்குவோரோ தாம் செய்தது இன்னதென்று சொல்லித் தனியேட்டிலே வைக்கின்றனர். மூலத்துக்கு ஊறின்றிப் புதுமை செய்யும் இம்முறை பாராட்டத் தக்கதன்றோ?

விருப்பங்களின் வகை

ஆட்டக்காரர் விரும்பியவை யாவை, நிறைவேறியவை யாவை என்று நோக்கினால் அவற்றை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, குறை நீக்கம். ஸ்கைரிம் வெளிவந்தபோது அதிலே பிழைகள் மலிந்திருந்தன. நிறுவனத்தார் திருத்தியவை போக எஞ்சிய நூற்றுக்கணக்கான பிழைகளை ஆட்டக்காரர் சிலர் கூடித் தாமே திருத்தி வெளியிட்டனர். பையிலுள்ள பொருள்களைக் காட்டும் பட்டியல், கணினியிலே விசைப்பலகை கொண்டு ஆடுவோர்க்கு இடராக இருந்தது. ‘ஸ்கை யுஐ’ என்னும் மாற்றாக்கம் அவ்விடரைப் போக்கியது. இவை ஆரவாரமற்றவை, ஆயினும் பெரும்பாலானோர் முதலில் நாடுவன இவையே.

இரண்டாவது, மெய்ம்மை. மூல விளையாட்டிலே பனிப்புயலுக்கிடையே மேலாடையின்றி உலாவலாம், உறைநீரிலே நீந்தலாம், உடலுக்கு ஒன்றும் நேராது. “குளிர் குளிராக இருக்கவேண்டும், பசி பசியாக இருக்கவேண்டும்” என்று விரும்பினோர் பலர். ‘ஃப்ரொஸ்ட்ஃபோல்’ முதலிய மாற்றாக்கங்கள் அவ்விருப்பத்தை நிறைவேற்றின. தீ மூட்டவும் கூடாரம் அமைக்கவும் அறியாதவர் அவற்றிலே மலை கடக்க முடியாது. பின்னர் 2017 இலே நிறுவனத்தாரே இத்தகைய முறையொன்றை வெளியிட்டனர். ஆட்டக்காரரின் விருப்பம் ஆக்கியோரையும் வழிப்படுத்தியமைக்கு இது சான்று.

மூன்றாவது, மாந்தர். ஸ்கைரிமின் காவலர் பலரும், தாமும் முன்னொருகால் வீரச்செயல் நாடித் திரிந்ததாகவும் முழங்காலில் அம்பு பட்டதால் அதனைக் கைவிட்டதாகவும் ஒரே கதையைச் சொல்வர். எந்தக் காவலனைக் கேட்டாலும் இதுவே கதையானால், கேட்போருக்குச் சிரிப்பு வராதா? ஆகவே பேச்சும் குணமும் உடைய மாந்தரை விரும்பினர். ‘இனிகோ’ என்னும் நீலநிறப் பூனைமுகத் தோழன் ஒருவன் ஆயிரக்கணக்கான உரையாடல்களோடு படைக்கப்பட்டான். பழைய செயலொன்றுக்காக வருந்தும் அவன், வழிநெடுகக் கண்டவற்றைக் குறித்து உரையாடிக்கொண்டே உடன்வருவான்.

நான்காவது, நகை. 2013 இலே ஒருவர் பறவைநாகங்களை நீக்கிவிட்டு, அவற்றின் இடத்திலே சிறுவர் கதையில் வரும் ‘தோமஸ்’ என்னும் நீலப் புகைவண்டியைப் பறக்கவிட்டார். புகைவண்டி மலையுச்சியினின்று கூவிக்கொண்டே வந்து நெருப்புமிழுங் காட்சியைக் கண்டு உலகெங்கும் சிரித்தனர். இதனாற் பயன் என்ன என்று கேட்போர்க்கு, சிரிப்பே பயன் என்பதுதான் விடை.

ஒரு வரி விருப்பமும் ஈராயிரம் மணித்தியாலமும்

மேற்கூறியவற்றிலும் பெரிய விருப்பம் ஒன்றுண்டு. புது நாடு வேண்டும் என்பதே அது. “அடுத்த தீவையும் சேர்த்துவிட்டால் எத்துணை நன்று!” என்று எழுத ஒரு வரி போதும். ஆனால் அதற்குச் செல்லும் உழைப்பு யாது?

2013 ஜூலையில் ‘ஃபால்ஸ்கார்’ என்னும் புதுத்தீவு ஸ்கைரிமுடன் சேர்ந்தது. ஊர்கள், குகைகள், புதுக்கதை, இருபதுக்கும் மேற்பட்டோரின் குரல் ஆகிய அனைத்தும் அதிலுண்டு. அதனை முன்னின்று ஆக்கியவர் 19 வயது அமெரிக்க இளைஞர். அவர் செலவிட்ட காலம் சுமார் 2,000 மணித்தியாலம். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் உழைத்தால் 250 நாட்கள். ஓர் ஆண்டிற் பாடசாலை நடைபெறும் நாட்களினும் மிகுதி. விளையாட்டு நிறுவனமொன்றிலே வேலை பெறவேண்டும் என்பதே அவர் நோக்கம். அவ்வாறே வேலையும் கிடைத்தது.

ஜேர்மனியைச் சேர்ந்த ‘ஷுவர் ஏ.ஐ.’ என்னும் ஆர்வலர் குழுவினர், ஸ்கைரிமின் அடித்தளத்தின்மீது ‘எண்டெரால்’ என்னும் முற்றிலும் வேறான உலகத்தையே அமைத்து 2016 இல் இலவசமாக வழங்கினர். மொரோவிண்ட் விளையாட்டோ ஒரு நாட்டின் நடுவேயுள்ள தீவை மாத்திரமே காட்டியது. சூழவுள்ள பெருநிலத்தையும் அமைப்போம் என்று ‘தம்ரியல் ரீபில்ற்’ என்ற பெயரிலே 2001 இல், அதாவது விளையாட்டு வெளிவருமுன்னரே, சிலர் கூடினர். இருபதாண்டுகள் கடந்தும் அவர்தம் பணி பகுதி பகுதியாக வெளிவருகின்றது. தொடங்கியோர் பலர் விலகினர். அப்போது எழுத்தறியாக் குழந்தைகளாயிருந்தோர் வளர்ந்து வந்து இணைந்தனர். கோபுரத் திருப்பணி தலைமுறை தலைமுறையாக நடப்பதை அறிந்த நமக்கு இஃது அந்நியமான செய்தியன்று.

விருப்பம் மலிவு, ஆக்கம் அரிது. எனினும், நல்ல விருப்பம் மலிவானதன்று என்பதற்கும் ஒரு சான்றுண்டு. அவுஸ்திரேலியச் சட்டத்தரணி ஒருவர் 2015 இல் ‘ஃபொர்கொற்றன் சிற்றி’ என்னும் மாற்றாக்கத்தை வெளியிட்டார். நிலத்தடி நகரமொன்றிலே ஒரு சட்டம்: ஒருவர் குற்றம் செய்தால் அனைவரும் அழிவர். நகரம் அழிந்துவிட்டது, அழிவுக்கு முன்னுள்ள நாளுக்கு மீண்டு, குற்றவாளியைக் கண்டறிந்து தடுக்கவேண்டியது ஆட்டக்காரர் கடன். புதிய கண்டம் வேண்டும், ஆயிரம் வாள் வேண்டும் என்று அவர் ஆசைப்படவில்லை. ஒருவன் பிழைக்கு ஊரார் பொறுப்பாவரா என்ற ஒரே வினாவை எடுத்து, அதனைச் சுற்றி ஓர் ஊரை அமைத்தார். 2016 இலே அவுஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது அதற்குக் கிடைத்தது. மாற்றாக்கமொன்று அத்தகைய விருது பெற்றது அதுவே முதன்முறை. பின்னர் அவர் தம் தொழிலைவிட்டு, அக்கருத்தையே உரோம நகரொன்றிலே அமைத்து, 2021 இல் தனி விளையாட்டாகவே வெளியிட்டார்.

நமது பட்டியல்

பிறர் விருப்பங்களை எடுத்துரைத்த நாம் நமது விருப்பங்களை மறைப்பது முறையன்று. ஆகவே சிலவற்றை முன்வைக்கின்றோம்.

ஸ்கைரிமிலே ‘விண்டர்ஹோல்ட்’ என்னும் ஊரில் மந்திரவித்தைக் கல்லூரி ஒன்றுண்டு. வாயிலிலே ஒரு மந்திரம் செய்துகாட்டினாற் புகுமுகம் கிடைத்துவிடும். பின்னர் ஒரேயொரு வகுப்பு. அதன்பின் ஒரு பயணம். சில அலுவல்கள் முடிந்ததும், நேற்று வந்த மாணாக்கரே கல்லூரித் தலைவராகிவிடுவார்! கல்லூரியிலே கற்பிப்போராகிய நாம் இதனைப் பொறுத்தல் அரிது. பாடவிதானம் வேண்டும், நூலகத்திலே படித்தாலன்றித் தேறமுடியாத பரீட்சை வேண்டும், தவறியோர் மறுமுறை எழுத வழியும் வேண்டும். தலைவர் பதவி பல்லாண்டு உழைப்பின் பின்னரே வரவேண்டும். இத்திசையிலே சிலர் முயன்றிருப்பதும் மகிழ்ச்சிக்குரியதே.

இரண்டாவது விருப்பம், அடைக்கலம். போரிலே தோற்ற கள்வன் முழந்தாளிட்டு உயிர்ப்பிச்சை கேட்பான். இரங்கி வாளைத் தாழ்த்தினால், சற்றே தேறியதும் எழுந்து மீண்டும் வெட்டவருவான். இதனால் ஆட்டக்காரர் கற்பது யாது? இரங்குவது மடமை என்பதே. சரண்புகுந்தவன் படைக்கலத்தைக் கீழேவைத்து, விட்டவழியே போகவேண்டும். பின்னொருநாள் உழவனாகவோ வணிகனாகவோ எதிர்ப்படவேண்டும். ஒரு சிலர் மீண்டும் களவுக்கே செல்லலாம், அதுவும் உலகியலே. ஆனால் இரக்கத்துக்கு இடமே இல்லாத உலகம், எத்துணை அழகியதாயினும், குறையுடைய உலகமேயாகும்.

மூன்றாவது, வளர்ச்சி. 2012 இல் வந்த விரிவாக்கமொன்று அநாதைக் குழந்தைகள் இருவரைத் தத்தெடுத்து வளர்க்க இடந்தருகின்றது. நல்லதொரு கருத்து. ஆனால் ஆண்டு பல கழியினும் அக்குழந்தைகள் வளரா. புதிதாக ஒன்றுங் கல்லா. அவ்வாறே அந்நாட்டுப் பஞ்சாங்கத்திலே பன்னிரு மாதங்கள் உண்டு, பருவங்களோ மாறுவதில்லை. பருவம் மாறவும், பிள்ளை வளரவும், வளர்ந்த பிள்ளை தன் தொழிலைத் தானே தேர்ந்துகொள்ளவும் வேண்டுமென்பது நம் அவா.

நான்காவது, மீளமைப்பு. கதையின் தொடக்கத்திலேயே ‘ஹெல்கன்’ என்னும் ஊர் எரிந்தழிகின்றது; இறுதிவரையிலும் அது சாம்பலாகவே கிடக்கும். எரிந்த ஊரை மீளக் கட்டவேண்டும் என்ற விருப்பம் ஆட்டக்காரருக்கு எழாதிருக்குமா? எழுந்தது, ‘ஹெல்கன் ரீபோர்ன்’ என்னும் மாற்றாக்கத்தால் நிறைவேறியும் விட்டது. அழிப்பது கதைக்குத் தொடக்கமாகலாம். கட்டுவதே முடிவாகவேண்டும் என்று யாரோ ஒருவர் எங்கேயோ எண்ணி, இரவு பகலாக உழைத்துள்ளார். அவருக்கு நம் வணக்கம்.

விரும்புவோர் ஒன்றை மறத்தலாகாது. ஒவ்வொரு மாற்றமும் மற்றொன்றைத் தொடும். ஊரிலே புது மரம் நடும் ஏடும், அவ்விடத்திலேயே புதுவீடு கட்டும் ஏடும் ஒருங்கே சேர்ந்தால், வீட்டுக்கூரையைப் பிளந்துகொண்டு மரம் நிற்கும். நூறு ஏடுகளை ஒருங்கே ஏற்றிவிட்டு, விளையாட்டு நின்றுபோயிற்றே என்று வருந்துவோர் உளர். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் இயலுமா? ஏடுகளை முறைப்படி நிரைசெய்யவும், வேண்டாதனவற்றை விலக்கவும் அறிந்தவரே இன்புறுவர்.

கொடையும் கூலியும்

நிற்க. மாற்றாக்கங்கள் பெரும்பாலும் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. இங்கேதான் வழக்குகள் எழுந்தன.

2015 ஏப்ரல் 23 ஆம் நாள், பெதஸ்டா நிறுவனமும், ‘ஸ்டீம்’ என்னும் விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனமும், ஸ்கைரிமின் மாற்றாக்கங்களை விலைக்கு விற்கலாமென்று அறிவித்தன. விலையிலே ஆக்கியோனுக்கு 25 வீதம். எஞ்சியதில் 30 வீதம் வால்வ் நிறுவனத்துக்கும், 45 வீதம் பெதஸ்டாவுக்கும் சேரும். எதிர்ப்பு அலையென எழுந்தது. முதலில் விலைக்கு வந்தவற்றுள் மீன்பிடித்தல் பற்றிய ஒன்று, வேறொருவர் இலவசமாக வழங்கியிருந்த ஆக்கத்திலே தங்கியிருந்ததென்ற பிணக்கினால் உடனேயே விலக்கப்பட்டது. நான்கே நாட்களில், ஏப்ரல் 27 இல், திட்டம் முழுவதும் கைவிடப்பட்டு வாங்கியோருக்குப் பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பின்னர் 2017 இலும் 2023 இலும் வேறுவகையிலே விற்பனை முறைகள் வந்தன. ஆயினும் இலவச மாற்றாக்கங்களே இன்றும் பல்கிக் கிடக்கின்றன.

நம் கருத்து யாது? உழைத்தவர் கூலி கேட்பது குற்றமன்று. “நேற்றுவரை சும்மா கொடுத்தாய், இன்று ஏன் கேட்கின்றாய்?” என்பது நன்றிகெட்ட பேச்சு. ஆனால் மாற்றாக்கம் தனிமரமன்று. ஒருவர் வேரிலே மற்றொருவர் கிளைக்கின்றார். ஒருவர் வரைந்த அசைவு, மற்றொருவர் எழுதிய நிரல், இன்னொருவர் கொடுத்த குரல் என்று பலரின் பங்கு அதிலே கலந்துள்ளது. எதனை விற்கலாம், யாரைக் கேட்டு விற்கலாம் என்பதை முதலில் வகுக்காமற் சந்தையைத் திறந்ததே பிணக்குக்கு மூலம்.

இன்னொரு வழக்கு, கொடுத்ததை மீளப்பெறலாமா என்பது. மாற்றாக்கங்களைச் சேர்த்துவைக்கும் பெருநிலையங்களுள் ‘நெக்ஸஸ் மொட்ஸ்’ ஒன்று. 2021 ஜூலையில், அங்கே இட்ட ஏட்டை ஆக்கியோர் இனி முற்றாக அழிக்க இயலாது, காப்பகத்திலே அது இருக்கும் என்று நிலையத்தார் அறிவித்தனர். பல ஏடுகளை ஒரு தொகுதியாகக் கட்டி வழங்கும்போது, இடையே ஒன்று மறைந்தால் தொகுதி முழுவதுமே குலையும் என்பது அவர்தம் நியாயம். எம் உழைப்பின்மீது எமக்குள்ள உரிமை எங்கே என்பது ஆக்கியோர் பலரின் நியாயம். விரும்பியோர் தம் ஏடுகளை நீக்கிக்கொள்ள ஒரு மாதமளவு தவணை கொடுக்கப்பட்டது. சிலர் நீக்கிக்கொண்டு வெளியேறினர். இருபுறமும் நியாயம் உண்டென்றே சொல்வோம். எனினும், தவணை கொடுத்தமை நன்று; முன்னரே கலந்து பேசியிருந்தால் அதனினும் நன்று.

மூன்றாவது வழக்கு இவற்றினும் கூரியது. செயற்கை நுண்ணறிவின் துணையால், நடிகர் ஒருவரின் குரலை எடுத்து, அவர் பேசாத சொற்களையும் பேசவைக்க இப்போது இயலும். மாற்றாக்குவோர்க்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால் 2023 இலே குரல் நடிகர் பலர் முறையிட்டனர். தம் இசைவின்றித் தம் குரல் எடுக்கப்பட்டதென்றும், தாம் ஒருபோதும் உரைக்க இசையாத நாணத்தக்க சொற்களும் தம் குரலிலே ஒலிக்கின்றனவென்றும் வருந்தினர். வாளையும் மரத்தையும் மாற்றுவது ஒன்று. உயிருள்ள மனிதரின் குரலை மாற்றுவது வேறொன்று. கதைமாந்தர் கற்பனை, குரலுக்குரியவர் கற்பனையல்லர். விருப்பத்துக்கு எல்லை எங்கேயெனின், பிறர் உரிமை தொடங்கும் இடத்திலே என்று மாணாக்கர் மனங்கொள்வாராக.

இலவசமாகப் பெறுவோர்க்கும் ஒரு சொல். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்போர் எவ்வுலகிலும் உளர். ஈராயிரம் மணித்தியாலம் உழைத்தவரிடம், “இது ஏன் இன்னும் வரவில்லை? அது ஏன் ஓடவில்லை?” என்று அதட்டுவோர் பலர், நன்றி கூறுவோர் சிலர். மனம் நொந்து விலகிய ஆக்கியோர் ஒருவர் இருவர் அல்லர். ஒரு பணியை அழிக்கப் பகைவர் வேண்டியதில்லை. நன்றியற்ற விருந்தினரே போதும்.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியையும் கூறுதல் தகும். 1936 இலே பிறந்த ஷேர்லி கறி என்னும் அமெரிக்க மூதாட்டியார், தாம் ஸ்கைரிம் ஆடுவதைக் காணொளியாக வெளியிட்டு, ஆட்டக்காரரையெல்லாம் பேரப்பிள்ளைகள் என்று விளித்து வந்தார். அவரும் விளையாட்டிலே ஒரு மாந்தராக வேண்டுமென்று இளைஞர் பலர் விரும்பினர். 2018 இல் அறிவிக்கப்பட்ட ஆறாம் விளையாட்டிலே அவர் இடம்பெறுவார் என்று நிறுவனத்தார் 2019 இல் வாக்களித்தனர். அதுவரை பொறுக்கமாட்டாத ஆர்வலர் சிலர், அவரது குரலையே அவர் இசைவோடு பதிந்து, ஸ்கைரிமிலேயே அவரைத் துணைவராகப் படைத்துவிட்டனர். கேட்டுப் பெற்ற குரலுக்கும் கேளாது கவர்ந்த குரலுக்கும் உள்ள தூரம் இதனால் விளங்கும்.

பெற்றோர்க்கும் மாணாக்கர்க்கும்

பெற்றோர் சிலர், “இஃதெல்லாம் காலவிரயமன்றோ?” என்பர். ஆடுவதிலேயே பொழுதைப் போக்கினால் விரயமே. அதை நாம் மறுக்கவில்லை. மேலும், ஸ்கைரிம் சிறுவர்க்குரியதன்று; அமெரிக்காவிலே 17 வயதினர்க்கும், ஐரோப்பாவிலே 18 வயதினர்க்கும் மேற்பட்டோர்க்கே உரியதென்று வகுத்துள்ளனர். மாற்றாக்கங்களுள்ளும் இளையோர் காணத்தகாதன உண்டு. ஆகவே வயதறிந்து இடங்கொடுத்தல் பெற்றோர் கடன்.

ஆனால், மகனோ மகளோ, “இவ்விளையாட்டிலே இஃது இப்படி இருந்தால் நன்றாயிருக்கும்” என்று கூறும்போது, அதனைப் புறக்கணித்தல் வேண்டாம். “எப்படிச் செய்வாய்?” என்று ஒரு வினாவைக் கேளுங்கள். அவ்வினாவே ஆடுவோரை ஆக்குவோராக்கும் முதற்படி. நிலப்படம் வரைய அளவை அறியவேண்டும். மாந்தரைப் பேசவைக்க மொழி அறியவேண்டும். நிரல் எழுதத் தருக்கம் அறியவேண்டும். பிறரோடு கூடிச்செய்யப் பொறுமை அறியவேண்டும். கரும்பு தின்னக் கூலி கேட்பதுபோல, விளையாட்டின் பெயராலேயே இத்தனையும் கற்கலாம்.

மாணாக்கர்க்கு நாம் கூறுவது இது. உம் விருப்பத்தை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதுக. அதனைப் பாதியாகக் குறைக்க; பின்னர் மீண்டும் பாதியாக்குக. எஞ்சியதை ஒரு விடுமுறைக்குள் செய்ய இயலுமா என்று பார்க்க. இயலுமாயின் தொடங்குக. நாடு வேண்டாம், ஒரு வீடு போதும். வீடும் வேண்டாம், ஒரு விளக்கை இடம் மாற்றிவைத்து, அது மாறிய இடத்திலே எரிவதைக் காண்பதே போதும். பிறர் ஆக்கத்தை எடுத்தாள்வதாயின் கேட்டு எடுக்க. எடுத்ததைப் பெயர் சொல்லி வழங்குக. முடித்ததைப் பலர் முன் வைக்க அஞ்சற்க.

வேறெவரோ செய்த உலகத்திலே குறைகாண்பது எளிது. அக்குறைகளுள் ஒன்றையேனும் தன் கையால் நீக்கியவர்க்கு, முழு உலகத்தையும் செய்தவரின் அருமை அன்றே புலப்படும். அவ்வருமையை உணர்ந்த பிள்ளை, விளையாட்டை மூடிவைத்த பின்னரும், தன் வீட்டையும் ஊரையும் அதே கண்ணால் நோக்கும். “இங்கே எது மாறவேண்டும்? அதில் என் கையால் ஆவது யாது?” என்று கேட்கும். அக்கேள்வி எழுமாயின், பெற்றோரே, அவ்விளையாட்டுக்குச் சென்ற பொழுதை வீணென்று கணக்கிட வேண்டாம்.